மடலில் பார்த்த நாடி

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதத்தை ஏற்றவர் ஆவார் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த நல்லறங்களுள் ஒன்று. திருமணம் பற்றிய ஆலோசனையாயினும், வணிகம் பற்றிய ஆலோசனையாயினும், கேட்பவர் தம் உள்ளத்தைத் திறந்து வைக்கிறார். கேட்கப்படுபவர் அதனைக் காக்கும் கடமையை ஏற்கிறார். மருத்துவரிடம் செல்லும் நோயாளியைப் பொறுத்தவரை இவ்வமானிதம் இன்னும் கனமானது. அவர் ஒப்படைப்பது தம் உயிரையும் மானத்தையும் அன்றோ? அந்த மருத்துவர் எதிரில் இல்லாமல், நூறு கல் தொலைவில் அமர்ந்து, நோயாளியின் முகத்தையே காணாமல், ஒரு மடலை மட்டும் படித்து மருந்து சொல்ல வேண்டுமெனில், அந்த அமானிதம் எத்தகையதாய் இருக்கும்? பதினெட்டாம் நூற்றாண்டில் இது வியப்புக்குரிய செயலாக இருக்கவில்லை. நாள்தோறும் நடந்த ஒன்றாகவே இருந்தது. அதனைப் பற்றி நாம் அறிந்தவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதில் பயனுண்டு என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் வில்லியம் கல்லன் என்னும் பேராசிரியர் வாழ்ந்தார். 1710இல் பிறந்து 1790இல் மறைந்தவர். கிளாஸ்கோவில் கற்பித்துவிட்டு 1755இல் எடின்பரோ சென்ற அவர், தம் இறுதிக்காலம் வரை மடல் வழியாக நோயாளிகளுக்கு ஆலோசனை கூறிவந்தார். அவருக்கு வந்த மடல்களும் அவர் எழுதிய மறுமொழிகளும் ஐயாயிரத்துக்கு மேல் இன்றும் எஞ்சியுள்ளன. எடின்பரோ மருத்துவர் கழகத்தின் காப்பகத்தில் இருக்கும் அவற்றை, கிளாஸ்கோ பல்கலைக்கழக அறிஞர்கள் படியெடுத்து, 2015இல் எவரும் படிக்கும் வண்ணம் இணையத்தில் வெளியிட்டனர். தாம் எழுதி அனுப்பிய மறுமொழி ஒவ்வொன்றுக்கும் ஒரு படி தம்மிடம் இருக்க வேண்டும் என்பதில் கல்லன் உறுதியாய் இருந்தார். தொடக்கத்தில் எழுத்தர்களைக் கொண்டு கையால் படியெடுத்தார். நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட், ஈரமாக்கிய மெல்லிய தாளை மை உலராத மடலின்மேல் அழுத்திப் படியெடுக்கும் கருவியை 1780இல் ஆக்கியபோது, அடுத்த ஆண்டிலேயே அதனைத் தம் பணிக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கும் மனிதரின் இயல்பு இது.

கண்ணால் காணாமல் மருத்துவம் செய்வது எப்படி இயன்றது என்று நம் வாசகர் கேட்கக்கூடும். அக்காலத்து மருத்துவரிடம் இன்றுள்ள கருவிகள் எவையும் இல்லை. நெஞ்சின் ஒலியைக் கேட்கும் ஸ்டெதாஸ்கோப்பையே பிரான்ஸ் நாட்டு மருத்துவர் லயென்னக் 1816இல்தான் உருவாக்கினார். அதற்கு முற்பட்ட மருத்துவர், நோயாளி எதிரில் அமர்ந்திருந்தாலும், பெரும்பாலும் அவர் சொல்லும் கதையைக் கேட்டே நோயைக் கணித்தார். நாடியைத் தொட்டார்; நாக்கையும் முகத்தையும் நோக்கினார்; சிறுநீரைப் பார்த்தார். எஞ்சியது முழுவதும் நோயாளியின் சொல்தான். உண்பது என்ன, உறங்குவது எவ்வளவு, நோய் எந்நாளில் எவ்விதம் தொடங்கியது, மனத்தில் கவலை உண்டா என்பனவற்றை ஒரு மடலும் சுமந்து செல்லும் அன்றோ? ஆகவே கதையை முறையாகச் சொல்லத் தெரிந்தவருக்கு, தொலைவில் இருக்கும் நல்ல மருத்துவர் அருகில் இருக்கும் அரைகுறை மருத்துவரினும் பயன்பட்டார்.

கதையைச் சொல்லத் தெரியாதவர் என்ன செய்வது? இதற்கு விடை கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரின் மருத்துவர் திஸ்ஸோ. அவர் 1761இல் பொதுமக்களின் உடல்நலத்துக்கென ஒரு நூல் எழுதினார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பெரும்புகழ் பெற்றது. மருத்துவருக்கு எழுதுவோர் எந்தெந்தக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும் என்னும் பட்டியல் ஒன்றை அதில் அவர் சேர்த்திருந்தார். நோயாளியின் வயது என்ன, முன்பு நலமாக இருந்தவரா, எவ்வகை வாழ்க்கை நடத்துபவர், நோய் வந்து எத்தனை நாளாயிற்று, காய்ச்சல் உண்டா, நாடி வன்மையாய் ஓடுகிறதா மென்மையாய் ஓடுகிறதா, உறக்கம், தாகம், மலசலம் எப்படி என்று அப்பட்டியல் செல்லும். பெண்களுக்கெனத் தனிக்கேள்விகளும் உண்டு. அவருக்கு வந்த மடல்களுள் ஆயிரத்து முந்நூறு அளவில் இன்றும் லோசானில் காக்கப்படுகின்றன. தம் உடலைத் தாமே கவனித்து, ஒழுங்காகச் சொல்லும் கலையை ஒரு மருத்துவர் மக்களுக்குக் கற்பித்தார் என்பதே இதில் நாம் போற்ற வேண்டியது.

இம்முறைக்கு எல்லையும் இருந்தது. ஆங்கில மொழிக்கு 1755இல் பேரகராதி தந்த சாமுவேல் ஜான்சன், 1784ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூச்சிரைப்பாலும் நீர்க்கோத்த வீக்கத்தாலும் துன்புற்றார். அப்போது அவருக்கு எழுபத்து நான்கு வயது. அவருடைய நண்பரும், பின்னாளில் அவர் வரலாற்றை எழுதியவருமான பாஸ்வெல், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் கல்லனுக்கும், எடின்பரோவின் வேறு இரு பேராசிரியர்களுக்கும் நண்பரின் நிலையை விளக்கி மடல் எழுதினார். மூவரும் கனிவோடு கருத்துரைத்தனர். ஆயினும் டிசம்பர் 13ஆம் நாள் ஜான்சன் மறைந்தார். தவணை வந்துவிட்டால் எந்த மடலும் அதனை ஒத்திவைக்காது என்பது நாம் ஈமான் கொண்ட செய்தி. எனினும் ஒரு நண்பரின் நோய்க்காக மூன்று அறிஞரின் கதவைத் தட்டிய அந்த அன்பு வீணானது என்று எவர் சொல்வார்?

இது மேனாட்டாருக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ணிவிடலாகாது. அரபு மொழியில் மருத்துவம் பயின்றோர் இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இவ்வழியில் நடந்துள்ளனர். மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ, மருத்துவர் அருகில் இல்லாதவருக்கென்றே ஒரு நூல் இயற்றினார். அந்நூலின் பெயரே அப்பொருளைத் தருவது. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபீ (ரஹ்) அவர்களின் மகனார் அல்அஃப்ளல், தம் உடல்நலக் குறைவை விவரித்து எகிப்தில் இருந்த யூத மருத்துவர் மூஸா பின் மைமூனிடம் ஆலோசனை கேட்டார். மைமூன் அதற்கு விடையாக 1198இல் உடல்நலம் பேணும் முறை பற்றிய ஏட்டினை அரபியில் எழுதினார். பின்னர் அல்அஃப்ளல் தம் நோய்க்குறிகளையும், உடனிருந்த மருத்துவர்கள் சொன்ன கருத்துகளையும் எழுதி அனுப்ப, அவை ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு மைமூன் இரண்டாவது ஏட்டில் விடை கூறினார். முஸ்லிம் அரசர் கேட்டார். யூத அறிஞர் சொன்னார். இருவருக்கும் இடையே அரபு மொழியில் அந்த அமானிதம் பயணம் செய்தது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இன்று தருமபுரி என்றும் கிருஷ்ணகிரி என்றும் இரு மாவட்டங்களாய் விளங்கும் இப்பகுதி, அக்காலத்தில் பாராமகால் எனப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹைதர் அலியும் அவருக்குப் பின் திப்பு சுல்தானும் இதனை ஆண்டனர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படியே இது கும்பெனியார் கைக்கு மாறியது. மைசூர் நாட்டில் சிக்கதேவராயர் 1672இல் ஏற்படுத்திய அஞ்சல் முறைக்கு ‘அஞ்செ’ என்று பெயர். நம் நாவில் இன்றும் வழங்கும் அஞ்சல் என்னும் சொல்லோடு அது எவ்வளவு நெருங்கி ஒலிக்கிறது! ஓட்டக்காரர் கைமாற்றிக் கைமாற்றிச் சுமந்த அம்மடல்களில், திப்பு சுல்தான் தம் அதிகாரிகளுக்கு எழுதியவை பல பின்னர் ஆங்கிலேயர் கையில் சிக்கின. அவற்றுள் தேர்ந்தெடுத்த சிலவற்றை வில்லியம் கிர்க்பாட்ரிக் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்து 1811இல் வெளியிட்டார்.

பெயர்த்தவர் திப்புவின் நண்பரல்லர், குறைகாணும் நோக்குடையவரே. அவர் தொகுத்த மடல்களில் படையும் வரியும் வணிகமும் நிறைந்திருக்கின்றன. அவற்றினூடே, நோயுற்ற தம் அலுவலர்க்கு இன்ன மருந்தை இவ்வாறு உண்க, இன்ன பத்தியம் காக்க என்று அரசர் எழுதிய மடல்களும் இடம்பெற்றுள்ளன. அவர் யூனானி மருத்துவம் பயின்று தேர்ந்த ஹகீம் அல்லர். நூல்களை நேசித்த அரசர். 1799 மே 4ஆம் நாள் அவர் ஷஹீதானபின் எடுத்துச் செல்லப்பட்ட நூலகத்துக்குச் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் 1809இல் ஒரு விளக்கப்பட்டியல் வெளியிட்டார். அதன்படி மருத்துவ நூல்கள் 62, மடல் இலக்கிய நூல்கள் 53. மருத்துவ ஏடுகளும் மடல் ஏடுகளும் அவர் அலமாரியில் ஏறத்தாழச் சரிபாதியாய் இருந்தன என்பது சிந்திக்கத் தக்கது. ஒன்றை மட்டும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அரசர் எழுதும் மருந்துச்சீட்டை ஓர் அலுவலர் எவ்வாறு மறுப்பார்? கல்லனுக்கு எழுதிய நோயாளி, பிடிக்காவிடில் வேறொருவரை நாடலாம். கேட்பவரின் விருப்பமும் ஆலோசனையின் ஒரு பகுதியே ஆகும்.

கும்பெனி ஆட்சி வந்தபின் தருமபுரியில் ஏழாண்டுகள் பணியாற்றியவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை ஆளுநராய் விளங்கிய அவர் கிளாஸ்கோவில் பிறந்தவர். கல்லன் ஒருகாலத்தில் கற்பித்த பல்கலைக்கழகத்திலேயே பயின்றவர். இங்கிருந்து தம் குடும்பத்தாருக்கு நீண்ட மடல்கள் எழுதினார். அவர் தருமபுரி வந்தபோது கல்லன் மறைந்து ஈராண்டு ஆகியிருந்தது. உயிரோடு இருந்திருப்பினும், கப்பலில் ஒரு மடல் போய்ச்சேர ஏறத்தாழ ஆறு திங்கள், மறுமொழி வர மேலும் ஆறு திங்கள். எந்தக் காய்ச்சல் ஓராண்டு காத்திருக்கும்? பணமும் எழுத்தும் உடையவருக்கே மடல் மருத்துவம் வாய்த்தது. அவர்களுக்கும் தொலைவு ஒரு தடையாகவே நின்றது.

எழுதத் தெரியாத எளியவர் நிலை என்ன? அவர்களுக்காகப் பிறர் எழுதினர். கல்லனுக்கு வந்த மடல்களிலும் நோயாளியே எழுதியவை ஒருபுறம் இருக்க, உள்ளூர் மருத்துவர் எழுதியவை, உறவினர் எழுதியவை பல. பெண்களின் நோயைக் கணவரோ தந்தையோ சகோதரரோ எழுதுவது மிகுதி. பிறர் எழுதும்போது ஒன்று நேர்கிறது. எழுதுபவர் அறிந்ததே மடலில் ஏறும்; அவர் அறியாததும், அவரிடம் சொல்ல நாணியதும் மடலுக்கு வெளியே நின்றுவிடும். உயிரைக் குடிக்கும் நோய் பல வேளைகளில் அந்த வெளியே நின்ற சொல்லில்தான் ஒளிந்திருக்கும்.

இதனை நாம் நூலில் மட்டும் படித்து அறியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன், பென்னாகரம் சாலையில் உள்ள ஒரு சிற்றூரில் மதரஸாவில் ஓதிக்கொடுத்து வந்தோம். விண்ணப்பம் எழுதவும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதவும் ஊரார் அஸருக்குப் பின் நம்மிடம் வருவர். ஒருநாள் ஓர் இளைஞர் வந்து, தொலைநகர் ஒன்றில் உள்ள மருத்துவருக்குக் கடிதம் வேண்டும் என்றார். “ஹஜ்ரத், அம்மாவுக்கு வயிற்று வலி. மருந்து எழுதி அனுப்பும்படி இரண்டு வரி போதும்” என்றார். எத்தனை நாளாக என்று கேட்டோம். தெரியவில்லை. பசி எடுக்கிறதா என்று கேட்டோம். தெரியவில்லை. அவர் அன்பில்லாத மகனல்லர்; தாயை எண்ணிக் கண் கலங்கியவர்தான். தாய் மகனிடம் சொல்லாத ஒன்று உண்டு என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

“தம்பி, இதை நாம் எழுதுவது சரியாகாது. உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளை உண்டா?” என்று வினவினோம். அக்காள் மகள் பத்தாம் வகுப்புப் படிப்பதாகச் சொன்னார். தாளும் உறையும் கொடுத்து, நோய் தொடங்கிய நாளிலிருந்து நாணாமல் எல்லாவற்றையும் பாட்டி சொல்லப் பேத்தி எழுதட்டும், எழுதியபின் உறையை ஒட்டிவிடட்டும், நீங்களும் பார்க்க வேண்டா, நாமும் பார்க்க வேண்டா என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் பருத்த உறை ஒன்று வந்தது. மேலே முகவரி மட்டும் எழுதிக் கொடுத்தோம்.

பத்து நாளில் மறுமொழி வந்தது. மருந்து எதுவும் எழுதப்படவில்லை. தாமதியாமல் நேரில் அழைத்து வருக என்னும் ஒரே செய்திதான் இருந்தது. அழைத்துச் சென்றனர். கருப்பையில் இருந்த கட்டியை அறுவை செய்து நீக்கினர். மாதவிலக்கு நின்று ஆண்டுகள் பல கழிந்தபின் அந்த அம்மையாருக்கு மீண்டும் உதிரப்போக்கு இருந்துவந்தது என்பதையும், வயிற்று வலி என்ற சொல்லுக்குள் அதனை அவர் மறைத்து வைத்திருந்தார் என்பதையும், குணமடைந்து திரும்பியபின் அவரே மகன் வாயிலாக நமக்குச் சொல்லியனுப்பினார். பிற பெண்களுக்குப் பயன்படுமாயின் பெயர் சொல்லாமல் இதனைச் சொல்லலாம் என்றும் இசைவு தந்தார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, எழுதிக்கொடுத்த பேத்தியின் நிக்காஹையும் கண்டு மறைந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

நாணம் ஈமானின் கிளை என்று கற்ற சமுதாயம் நம்முடையது. அதே சமுதாயத்தின் அன்னையரில் ஒருவரான உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், பெண்களின் குளிப்புக் கடமை பற்றி நபிகளாரிடம் நேரிலேயே வினவினார்கள். உண்மையைச் சொல்ல இறைவன் நாணுவதில்லை என்று முன்னுரைத்தே வினாவைத் தொடுத்தார்கள். மார்க்கத்தை அறிவதற்கு நாணம் தடையாகவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். நோய்க்கு மருந்து தேடுக என்பது நபிமொழி. மருந்து தேடுபவர் நோயை மறைத்தால் தேடலே நிறைவேறாது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் அரபுத்தமிழை வளர்த்தபோது, தமிழ் எழுத்துப் பள்ளிக்குச் செல்லாத பெண்களும் குர்ஆன் ஓதிய எழுத்தைக்கொண்டே தம் தாய்மொழியில் மடல் எழுதவும் படிக்கவும் செய்தனர். இடையில் ஓர் ஆடவர் தேவைப்படாத மடல் அது. அந்த எழுத்தின் அருமையை நோயுற்ற பெண்ணொருத்தியே நன்கு உணர்வாள்.

இன்று தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. எனினும் சித்தேரியிலும் வத்தல்மலையிலும் வாழ்வோருக்கு மருத்துவர் இன்னும் தொலைவில்தான். ஆகவே மடல் மருத்துவம் வேறு உருவில் திரும்பி வந்துள்ளது. தொலைபேசி, காணொலி, குறுஞ்செய்தி வழியாக மருத்துவர் ஆலோசனை கூறலாம் என்று 2020 மார்ச்சு 25ஆம் நாள் நடுவண் அரசு நெறிமுறை வகுத்தது. நேரில் காண வேண்டிய நோயாயின் நோயாளியை நேரில் வரச்சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. கல்லனுக்கு நாட்கணக்கில் சென்ற மடல் இன்று நொடியில் செல்கிறது. ஆயினும் பேசுபவர் பெரும்பாலும் மகன்தான். பின்னால் நிற்பவர் தாய்தான். “சும்மா வயிற்று வலிதான் டாக்டர்” என்னும் இரண்டு வரிதான் இன்றும் செல்கிறது.

மற்றொரு கேடும் சேர்ந்துள்ளது. ஒரு பெண்ணின் பரிசோதனைத் தாள் காலையில் மருத்துவருக்குச் செல்கிறது. மாலைக்குள் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றி, மைத்துனர் மச்சான் எல்லாரும் படித்து, ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்கின்றனர். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் நேரும் தீங்குக்குப் பொறுப்பாளி ஆவார் என்னும் நபிமொழியை இவர்கள் அறிவரா? கல்லனின் நோயாளிகளது மடல்களை இன்று உலகமே படிக்கிறது என்று சொன்னோம். அதனால் அறிவு வளர்ந்தது உண்மையே. ஆயினும் அவற்றை எழுதியவர் நாம் படிப்போம் என்று எண்ணி எழுதவில்லை. இறந்தோரின் கண்ணியமும் வாழ்வோரின் கண்ணியம் போன்றதே என்று கற்ற நாம், இருநூறு ஆண்டுக்கு முந்திய மடலையே கூச்சத்தோடு புரட்ட வேண்டியிருக்க, உயிரோடு நம் வீட்டில் நடமாடும் பெண்ணின் இரகசியத்தை ஊருக்குப் பகிர்வது எவ்வகையில் தகும்?

நம் குடும்பங்களுக்கு நாம் சொல்ல விழைவது இவ்வளவே. வீட்டில் நோயுற்றவர் எவராயினும் அவர் வாயாலேயே அவர் நோய் சொல்லப்படட்டும். சொல்ல இயலாவிடில், அவர் நாணாமல் பேசக்கூடிய ஒருவர் எழுதட்டும். என்று தொடங்கியது, எவ்வாறு வளர்ந்தது, எதை உண்டால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்று திஸ்ஸோ கேட்ட கேள்விகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் மருத்துவரை நேரிலோ தொலைபேசியிலோ அணுகுங்கள். அந்தத் தாளை மருத்துவர் ஒருவரே படிக்கட்டும். உறையை ஒட்டும் உரிமை நோயாளிக்கு உரியது. ஒட்டிய உறையைப் பிரிக்காமல் கொண்டுசேர்ப்பது மற்றவர் கடமை. நோயைத் தந்து, நிவாரணத்தையும் உடன் படைத்த வல்ல அல்லாஹ், நோயுற்றோர் அனைவருக்கும் உண்மையைச் சொல்லும் துணிவையும், கேட்போருக்கு அதனைக் காக்கும் பண்பையும், இருவருக்கும் நிறைவான ஷிஃபாவையும் அருள்வானாக! ஆமீன்.